மரமஞ்சள் பாத்தியில் ஒரு விரல் இடைவெளி

என் தங்கை தேவம்மாவுக்கு இந்த மாசியோடு நாற்பத்தொரு வயது முடிகிறது. மைசூரில் ஹுன்சூர் சாலையில், இலவாலாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு மூலிகை நாற்றுப்பண்ணை வரும். அங்கே வேலை செய்கிறாள். குடகு மலையில் அரிதாகிப்போன மரமஞ்சள் கொடியை விதையிலிருந்து முளைக்க வைத்தவள் அவள்தான். படித்தவர்கள் இரண்டு பேர் இரண்டு வருடம் முயன்றும் வராதது அவள் கையில் வந்தது. நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவன், கொத்தனார். கொளத்தூரில் எட்டாவது வரை படித்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் தவறும் இதில் இருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோபிநத்தம். மைசூருக்கு வந்த புதிதில் தேவம்மா என்னிடம் சித்தாளாக இருந்தாள். ஏழு வருடம் கலவை சுமந்தாள். அந்தப் பண்ணைக்கு அலுவலகம் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தபோது அவளும் கூட வந்தாள். சுண்ணாம்பும் ஜல்லியும் கொட்டிய இடத்தில் நசுங்கிக் கிடந்த செடிகளை, சாப்பாட்டு நேரத்தில் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவைப்பாள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சேகரன் சார் அதைக் கவனித்திருக்கிறார். கட்டடம் முடிந்த அன்று, "மேஸ்திரி, உங்க தங்கச்சியை இங்க விட்டுட்டுப் போங்க" என்றார். எனக்கு ஒரு நல்ல ஆள் குறைந்தது. அவளுக்கு அதுதான் நல்லதாயிற்று.

மரமஞ்சள் மலையில் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் கொடி. வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். மருந்துக்கு அந்தக் கட்டைதான் வேண்டும் என்பதால் அடியோடு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் அருகருகே இருந்தால்தான் காய்க்கும். சேகரன் சாருக்குத் தெரிந்து, குடகில் ஒரு சரிவில் காய்க்கும் கொடி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. வனத்துறை அனுமதி வாங்கி, தை மாதம் அதிலிருந்து இருநூற்று நாற்பது விதை கொண்டுவந்தார்கள்.

"எனக்குக் குடுங்க சார், நான் பாக்கறேன்" என்று தேவம்மாவே கேட்டு வாங்கினாள்.

"இது முளைக்கலேன்னா மறுபடியும் விதை கேக்க எனக்கு முகம் இருக்காதும்மா. இந்த இடத்தையும் துளசிச் செடிக்கு விட்டுட வேண்டியதுதான்" என்றார் அவர்.

நிழல்வலைக்குக் கீழே தரையில் செங்கல் அடுக்கி, ஆற்று மணல் நிரப்பி, விதைகளை அவளே ஊன்றினாள். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றாள்.

சித்திரையில் அவள் மாமனார் இறந்துபோனார். ஊருக்குப் போனால் காரியம் முடிந்து வரப் பதினோரு நாள் ஆகும். பண்ணையில் வேலை செய்யும் மற்ற இரண்டு பெண்களும் அந்தப் பாத்தியைத் தொடவே பயந்தார்கள். சேகரன் சார் மலையில் இருந்தார். நான் அங்கே சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நீங்க அளவு தப்ப மாட்டீங்க. அதான் உங்ககிட்டச் சொல்றேன். வாரத்துல ரெண்டு தடவ, பூவாளியில லேசாத் தெளிங்க. அவ்வளவுதான்."

"சரி, போய்ட்டு வா."

முதல் இரண்டு நாள் சொன்னபடியே இருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் மணல் வெளுத்துக் கிடந்தது. மைசூரில் அந்தச் சித்திரையில் வெயில் சாதாரணமாக இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் போட்ட கூரை ஒன்றிலும் விரிசல் விழுந்ததில்லை. காரணம், கான்கிரீட் போட்ட மறுநாளே மேலே வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கிவிடுவேன். காய விட்டால் எதுவும் கெட்டுவிடும் என்பது என் கைக்குப் பழகிய எண்ணம்.

பாத்தியைச் சுற்றிப் பார்த்தேன். செங்கல்லுக்குச் செங்கல் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டிருந்தாள். ஏழு வருடம் கூட இருந்தும் செங்கல் அடுக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சுவருக்குக் குழைத்த கலவையில் கொஞ்சம் எடுத்து எல்லாச் சந்துகளையும் பூசி அடைத்தேன். பிறகு காலையும் மாலையும் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினேன்.

கன்னடக்காரரான காவலாளி கெம்பையன் எட்டிப் பார்த்தார். "ஏன்ரீ மேஸ்திரி, மீன் உடப்போறீங்களா?"

"உங்க கேட்டைப் பாருங்க. இது எங்க தொழில்" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை தேவம்மா நேராகப் பஸ் நிலையத்திலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பாத்தியில் தண்ணீர் மினுங்கியது.

"யாருங்கண்ணா இதைப் பூசுனது?"

"நான்தான். சந்து சந்தா விட்டிருந்தே. தண்ணி நிக்கவே இல்ல."

"நிக்கக் கூடாதுன்னுதான விட்டேன். ஏனுங்கண்ணா, இதென்ன கூரையா?"

என் கொத்துக் கரண்டியையே வாங்கிச் சிமெண்டைப் பெயர்த்தாள். தண்ணீர் வடிந்ததும் மணலைக் கையால் அள்ளி, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள், மோந்து பார்த்தாள். அழுகியது இடப்பக்கம், கெட்டியானது வலப்பக்கம். நானும் உட்கார்ந்து எண்ணினேன். நூற்று ஐம்பத்தொன்று போயிருந்தது. எண்பத்தொன்பது இருந்தது.

மறுநாள் சேகரன் சார் வந்தார். அவள் முந்திக்கொண்டாள். "தண்ணி அதிகமாயிருச்சுங்க சார். என் பாத்தி, என் பொறுப்பு."

"அது பொய்ங்க சார், சந்தை அடைச்சுத் தண்ணி தேக்கினது நான்" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தசராவுக்குள்ள ஒண்ணாவது தலை காட்டட்டும். அதைக் காட்டித்தான் நான் மறுபடி கேக்க முடியும்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதுப் பாத்தியை நான் கட்டினேன். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அடியில் உடைந்த ஓடு, அதற்கு மேல் சிறு ஜல்லி, பிறகு மணல். சந்துகளை விரலைவிட்டு அளந்து விட்டேன். எண்பத்தொன்பதையும் அவள் ஊன்றினாள். ஆடி வந்தது, ஆவணியும் போனது. ஞாயிறு தோறும் நான் குடியிருக்கும் மேட்டகள்ளியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். மணல்தான் இருக்கும்.

"கிளறிப் பாத்துட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கான்கிரீட் இறுகிருச்சான்னு நீங்க நடுவுல தோண்டிப் பாப்பீங்களா?"

கெம்பையன் கேட்டருகே நின்று ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்.

தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் போன் செய்தாள். "வேலை இருந்தா முடிச்சுட்டு வாங்கண்ணா. அவசரமில்ல." குரலிலேயே தெரிந்துவிட்டது. கலவையை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போனேன். மணலைத் தள்ளிக்கொண்டு, வளைந்த கொக்கி மாதிரி ஒன்று நின்றது. அவள் அதைத் தொடவில்லை. எதிரே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கார்த்திகைக்குள் முப்பத்துநாலு வந்தன. சேகரன் சார் அவற்றைப் படம் எடுத்து அனுப்பித்தான் அடுத்த தடவை விதைக்கு அனுமதி வாங்கினார்.

போன ஆனியில், பிழைத்த இருபத்தொன்பது கன்றுகளைக் குடகில் அதே சரிவில் நட்டோம். எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பதினைந்து வருடம்கூட ஆகலாமாம். அதனால் மும்மூன்றாகச் சேர்த்து நட்டாள். கடைசிக் குழிக்கு இரண்டுதான். எந்தக் கன்று எந்த மரத்தடியில், எத்தனை அடி தள்ளி என்று டேப் பிடித்து அளந்து வரைபடம் போட்டது நான். அதை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது அங்கே பதினாறு பாத்திகள் இருக்கின்றன, எல்லாம் நான் அடுக்கியவை. போன மாதம் பார்க்க வந்த ஒருவர், சந்து விட்டிருப்பதைக் காட்டி, "கொத்து வேலை சரியில்லையே" என்றாராம்.

"எங்க அண்ணன் அளந்து விட்டதுங்க" என்றாளாம் தேவம்மா.