மொட்டைமாடி வெயிலில் ஆர்க்கிட்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஆறு பேரும் சேர்ந்து கேட்காத செல்லத்தை ஒரு செடி கேட்கிறது. படிக்கப் போன ஊரிலிருந்து பேத்தி வாங்கிவந்த ஆர்க்கிட். வாண்டா என்று சாதிப்பெயராம்.

அதற்கு மண் ஆகாது. மரக்கூடையில் உட்கார்ந்துகொண்டு வேரையெல்லாம் காற்றில் தொங்கவிடும், தலைவிரிகோலமாக. காய்ந்தால் வேர் வெள்ளை, தண்ணீர் பட்டால் பச்சை. வரும்போது பூத்திருந்தது. நீலப் பூ, இதழ் முழுக்க வலை பின்னினாற்போல் கோடு, நடுவில் குட்டி நாக்கு. ஒரு மாதம் வாடவில்லை. மூக்கை வைத்துப் பார்த்தேன், துளி வாசம் இல்லை. வாசமில்லாமல் ஒரு மாதம் நின்று என்ன செய்யப் போகிறது?

நம் ஊர் வெக்கைக்கு மறுபடி பூக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள் பேத்தி. பூக்க வைத்துக் காட்டுகிறேன் என்று ரோஷத்தோடு நின்றாள் என் மருமகள். இந்த ஐப்பசியில் மொட்டு விட்டது. பேத்தி லீவுக்கு வருவதற்குள் விரியவேண்டும் என்று மருமகளுக்குத் தவிப்பு.

மழை பெய்த மறுநாள் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். என் மகனுக்குப் பட்டாசுக் கம்பெனி. ஈரத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது. வேர் பச்சையாகக் கிடப்பதைப் பார்த்தவன், கூடையோடு தூக்கி மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டான்.

சாயங்காலம் வந்து பார்த்தாள் மருமகள். இலையெல்லாம் வெந்து, மொட்டுகள் சுருங்கிக் கிடந்தன.

“ஏங்க, இதென்ன சங்குசக்கரமா, வெயில்ல காயப்போட்டிருக்கீக?”

“நமத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“ஏலே, அம்புட்டும் காஞ்சிருச்சு. பத்தவச்சுப் பாரு, வெடிக்கும்” என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. செடியை நிழலுக்குக் கொண்டுவந்து, வேரில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு உண்ண வரவில்லை. ஒரு பூவுக்காகப் பட்டினி கிடந்தவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

இலை மறைவில் தப்பிய அடிமொட்டு ஒன்று, பேத்தி வந்த அன்று விரிந்தது. ஒற்றைப் பூ, அதுவும் ஒரு பக்கம் கோணல். அதற்கு என்ன பவிசு! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மருமகள் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தப் பேத்திதான். எங்கே தாயி, ஒருதரம் வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி, உங்கம்மா அடுப்படியிலதான் நிக்கா.