தீர்மானப்படி வழங்கப்பட்ட நல்ல உப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடக் கைநூல் தலையணை அளவு இருக்கும். முதல் இரண்டு வருடமும் அதை நான் தலைக்கு வைத்துத்தான் பயன்படுத்தினேன். இரசாயனத்தில் எந்தப் பட்டத்துக்குப் போகிறாய் என்று படிவம் நிரப்பித் தரச் சொன்னபோதுதான் திறந்து பார்த்தேன். மூன்று வருடத்தில் முடிகிற பொதுப் பட்டம் ஒன்று. நாலு வருடம் படிக்கிற சிறப்புப் பட்டம் ஒன்று. அதே நாலு வருடம், ஆனால் தொழிற்சாலைப் பக்கம் சாய்ந்த பிரயோக இரசாயனப் பட்டம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே நிபந்தனைகள். இந்தப் பாடத்தில் சித்தியடைந்தால்தான் அந்தப் பாடம். அந்தப் பாடம் எடுத்தால் இதை எடுக்க முடியாது. இரண்டையும் எடுக்காதவர்களுக்கு மூன்றாவது கட்டாயம். எழுதியவருக்கு யார் மேலே கோபம் என்று தெரியவில்லை.

விடுமுறைக்குப் புத்தளம் வந்தபோது கைநூலையும் கொண்டுவந்தேன். வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். அகதி முகாமில் படிவங்களோடு பட்ட பாட்டால், எந்தப் படிவத்தைக் கண்டாலும் சந்தேகத்தோடு மூன்று தரம் வாசிப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, வாப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதுல எது எடுத்தா வேலை கிடைக்கும் எண்டு எங்க எழுதி இருக்கு?" என்றார்.

"அது எழுதல்ல வாப்பா."

"அப்ப இவ்வளவு பக்கத்துல என்னதான் எழுதி இருக்கு?"

நான் பிரயோக இரசாயனத்தைத் தெரிவு செய்தேன். அதில் எனக்குப் பயமான பௌதிக இரசாயனப் பாடங்கள் இரண்டு குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. எனக்கு ஆய்வுகூடத்தில் நிற்பது பிடிக்கும். பியூரெட்டிலிருந்து துளித் துளியாக விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு துளியில் முழுக் குடுவையும் நிறம் மாறுமே, அதைப் பார்க்க நான் மதியச் சாப்பாட்டையும் விட்டிருக்கிறேன். இன்னும் ஒரு வருடம் கூடுதலாக அங்கே நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது.

அந்த நாலாம் வருடத்துக்குக் கைநூல் வைத்த பூட்டு, தொழிற்பயிற்சி. மூன்றாம் வருட முடிவில் பன்னிரண்டு வாரம் ஏதாவது ஒரு தொழில் நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் ஆய்வுகூடம் இருக்க வேண்டும். இந்த அலகுக்கு மாற்றுப் பாடம் கிடையாது. தவறினால் பொதுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

கொழும்பிலுள்ள நிறுவனங்களுக்குப் பதினொரு கடிதம் அனுப்பினேன். பதில் ஒன்று வந்தது, இடமில்லை என்று. உள்ளே தெரிந்த ஆள் இருந்த என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சோப்பு, பெயின்ட், மருந்துக் கம்பெனி என்று போய்ச் சேர்ந்தார்கள். நான் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் என் மாமா, உம்மாவின் தம்பி, வாயைத் திறந்தார். அவர் புத்தளத்துக் கடல்நீர் ஏரியான களப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னதொரு உப்புச் செய்கையாளர் சங்கத்தின் செயலாளர்.

"நம்மட உப்பளம் தொழில் இல்லையா? உப்பு இரசாயனம் இல்லையா?" என்றார்.

"மாமா, அங்க லேப் இருக்கணும்."

"எத்தனை நாளுல வேணும்?"

ஒன்பது நாளில் வந்தது. சாக்கு அடுக்கி வைத்திருந்த களஞ்சிய அறையை வெறுமையாக்கி, வெள்ளை அடித்து, மூடிப்போன ஒரு டியூஷன் நிலையத்திலிருந்து மேசையும் கண்ணாடிச் சாமான்களும் கொண்டுவந்தார்கள். பயிற்சி நிறுவனத்தைப் பார்வையிட விரிவுரையாளர் வருவார், அவருடைய கையில் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று இருக்கும் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சங்கம் அந்தப் பட்டியலைக் கல்யாணச் சாமான் பட்டியல் போல எடுத்துக்கொண்டது. தீயணைப்புக்கு வாளி வாளியாக மணல். கற்பிட்டிக் குடாநாட்டில் மணலுக்கா பஞ்சம். நச்சுப் புகை வெளியேற ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி மின்விசிறி, அதில் பொரித்த மீனின் வாசனை நிரந்தரமாக இருந்தது. கண்ணில் அமிலம் பட்டால் கழுவுவதற்கு மூக்கு நீண்ட ஒரு கேத்தல். அவசரக் குளிப்புக்குக் குழாய் கிடைக்காததால், கதவருகே நிறைந்த வாளியோடு ஒரு ஆளையே கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். மேலே அமிலம் சிந்தினால் ஊற்ற வேண்டியது அவருடைய பொறுப்பு. பாவம், விரிவுரையாளர் வந்த அன்று முழுக்க என்னையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயிற்சி அதிகாரியாகக் கங்காணி நானாவைப் போட்டார்கள். உப்பளத்தில் ஆட்களை மேய்ப்பவர் அவர்தான்; எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், எதற்கும் அவசரப்படாத குரல். விரிவுரையாளர் வருகிற அன்று அவருக்கு வெள்ளைக் கோட் வேண்டும் என்று கோழிக்கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள்.

வந்த விரிவுரையாளர் சிலாபப் பக்கத்துத் தமிழ்ப் பெண். புழுதியில் மூன்று சக்கர வண்டியிலிருந்து இறங்கி, பட்டியலை விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாளிக்காரரிடம் வந்ததும் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு சரி என்று குறி போட்டார். கங்காணி நானாவின் கோட்டில் கழுவியும் போகாத கறை ஒன்று இருந்தது.

"இது என்ன இரசாயனம்?" என்று கேட்டார்.

"கோழி, மிஸ்," என்றார் நானா.

அதைப் பற்றியும் ஏதோ எழுதிக்கொண்டார். எப்படியோ அனுமதி கிடைத்தது. சங்கத்தில் அன்று எல்லோருக்கும் சாப்பாடு.

என் ஆராய்ச்சி பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு வாரமும் ஆறு பாத்திகளிலிருந்து உப்பு எடுத்து, அதில் மக்னீசியம், கல்சியம், சல்பேற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். களப்புத் தண்ணீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பில் இவை எல்லாம் அழுக்காக ஒட்டிக்கொண்டு வரும். எந்தப் பாத்தியில் எவ்வளவு, ஏன் என்று எழுதினால் அறிக்கை தயார்.

முதல் நாள் போத்தல்களோடு பாத்திக்கு இறங்கப் போனேன். கங்காணி நானா குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க எங்க மகள் போறீங்க? கெம்பஸ் புள்ளைய வெயிலுல இறக்கிப் போட்டு நாங்க மனுசரெண்டு இருக்கிறதா? போத்தலத் தாங்க."

மறுநாள் காலையில் ஆறு போத்தலும் மேசையில் வரிசையாக இருந்தன. பாத்தி இலக்கமும் திகதியும் ஒட்டியிருந்தது. உப்பை மாவு போல அரைத்தும் வைத்திருந்தார், எனக்கு இலகுவாக இருக்கட்டும் என்று. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மின்விசிறியும் பிளேன்டீயும் இருந்தன. இப்படியே பன்னிரண்டு வாரமும் ஓடியது.

முடிவுகள் வரவர என் தலை கனத்தது. மக்னீசியம் இல்லை என்றே சொல்லலாம். சல்பேற்றும் அப்படித்தான். ஆறு பாத்தியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல ஒரே மாதிரி. ஒரு மந்தமான மூளைக்குக்கூட இதில் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது பெருமை. என் கை அவ்வளவு சுத்தம், பியூரெட்டில் என் நியமிப்பு அவ்வளவு துல்லியம் என்று நினைத்தேன். எங்கள் களப்பு உப்பு ஏன் இவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பதற்குக் காற்றின் திசையையும் வெயிலின் கடுமையையும் வைத்து ஒரு கொள்கையே உருவாக்கி மூன்று பக்கம் எழுதினேன். அந்த மூன்று பக்கத்தையும் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மிச்ச உப்புப் போத்தல்களோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனேன். அறிக்கை கொடுக்க நாலு நாள் இருந்தது. அன்று இரண்டாம் வருடப் பிள்ளைகள் கடை உப்பில் அயடீன் பார்க்கும் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அயடீன் சேர்க்காத உப்பு முடிந்துவிட்டது என்று ஒரு பிள்ளை தேடியது. நான் தாராள மனதோடு என் போத்தலை நீட்டினேன். "இது நேரா பாத்தியில இருந்து வந்தது. ஒண்டும் சேராத உப்பு," என்றேன்.

அமிலம் விட்டு, பொற்றாசியம் அயடைட்டு விட்டு, மாப்பொருள் கரைசல் விட்டதும் குடுவை கருநீலமாக மாறியது.

குடுவையைக் கழுவி மறுபடி செய்யச் சொன்னேன். நீலம். அடுத்த பாத்தியின் போத்தல். நீலம். பன்னிரண்டு வாரம், ஆறு பாத்தி, எல்லாம் நீலம். நான் உயிரைக் கொடுத்து ரசிக்கும் அந்த நிறமாற்றம் வரவே கூடாது என்று ஒவ்வொரு குடுவைக்கும் வேண்டிக்கொண்டேன். நீலம் என்றால் அயடீன் இருக்கிறது. அயடீன் சேர்ப்பது பக்கட்டில் அடைக்கும் தொழிற்சாலையில். பாத்தியில் யாரும் சேர்ப்பதில்லை.

மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஓம் மகள், கடை உப்புத்தான். அது கூட்டத்துல முடிவெடுத்தது."

"கூட்டத்துலயா?"

"எல்லாரும் ஒத்துக்கொண்டது. குறிப்புப் புத்தகத்துல நாந்தானே எழுதின. நம்மட உப்பு கழுவாத உப்பு. மண்ணும் இருக்கும், கசப்பும் இருக்கும். அதக் குடுத்து நீங்க ஃபெயிலானா நாங்க முகத்த எங்க கொண்டு வைக்கிற? கங்காணி கிழமைக்குக் கிழமை டவுனுக்குப் போய் வாங்கி வந்தாரு."

நான் கத்தினேன். மாமாவிடம் அப்படி நான் ஒருநாளும் கத்தியதில்லை. பரீட்சை எனக்குத்தான், உப்புக்கு இல்லை என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. பிள்ளை பாஸாக வேண்டுமென்றால் பிள்ளையின் கையில் இருக்கும் உப்பும் நல்லதாக இருக்கத்தானே வேண்டும் என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். சரி, இப்போதாவது உண்மையான உப்பை அனுப்புங்கள் என்றால், மழை தொடங்கிவிட்டது, பாத்தி எல்லாம் தண்ணீர். குவித்து மூடி வைத்த உப்பில் எது எந்தப் பாத்தி, எந்த வாரம் என்று யாருக்குத் தெரியும்?

அன்று விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நாலாம் வருடம் கைநழுவிப் போய்விட்டது என்றே நினைத்தேன். அறிக்கையை அப்படியே கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொடுத்தாலும் முதல் பக்கத்திலேயே பிடிபட்டிருப்பேன். கடைசியில் கொள்கை எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். மாமாவிடம் கேட்டு, கூட்டக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பின்னிணைப்பாகவும் சேர்த்தேன். "மாணவியின் எதிர்காலம் கருதி, ஆய்வுக்கு நல்ல உப்பு வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே தலைவர், செயலாளர் கையொப்பம், சங்க முத்திரை.

வாய்மொழிப் பரீட்சையில் மூன்று பேர் இருந்தார்கள். உப்பளத்துக்கு வந்த விரிவுரையாளர் பின்னிணைப்பை இரண்டு தரம் வாசித்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"இந்த அறிக்கையில நான் நம்பக்கூடிய முடிவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டு இருக்கு மிஸ். இது பாத்தி உப்பு இல்ல, கடை உப்பு எண்டது."

"அத எப்படி நிரூபிப்பீங்க?"

எழுந்து பலகையில் சமன்பாடுகளை எழுதிக் காட்டினேன். ஏன் நீங்களே பாத்தியில் இறங்கி எடுக்கவில்லை என்று இன்னொருவர் கேட்டார். வெயில் என்று உண்மையைச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். தொழிற்பயிற்சி: சி. ஆகக் குறைந்த சித்தி. கீழே ஒரு படி போயிருந்தால் பொதுப் பட்டம். நான் அந்தப் பலகைக்கு முன்னாலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளினேன். ஏன் சப்பாத்தைக் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த விடுமுறையில் உப்பளத்துக்குப் போனேன். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டு போனேன். கங்காணி நானா உப்புக் குவியலுக்கு மேலே தென்னங்கிடுகு விரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"பாஸ் எண்டு மாமா சொன்னாரு. என்ன மகள் மார்க்?"

"சி."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. "சியா? கடையில இருந்ததுலயே நல்ல பக்கட்டத்தானே எடுத்தேன்."

சேர்த்து வைத்த வசனங்களை அங்கேயே விட்டுவிட்டேன்.

"நம்மட உப்பத் தந்திருந்தா 'ஏ' கிடைச்சிருக்கும் நானா," என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார்.

"கழுவாததுக்கா?"

"கழுவாததுக்குத்தான்."

"மண்ணோடயா?"

"மண்ணோடதான். அதுல என்ன இருக்கு எண்டு பாக்கிறதுதானே என்ட படிப்பே."

நானா கிடுகை விலக்கி, சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக இருந்த உப்பை இரண்டு கையாலும் அள்ளி ஒரு பையில் போட்டார். ஒன்றையும் பொறுக்கவில்லை, ஒன்றையும் தட்டவில்லை. பையின் வாயைக் கட்டி என்னிடம் நீட்டினார்.

"மார்க் எல்லாம் முடிஞ்சிது நானா," என்றேன்.

"மார்க்குக்கு இல்ல மகள்," என்றார். "அந்த மிஸ்ஸுக்கு ஒருக்கா காட்டுங்க."