மூன்று ஞாயிறும் ஒரு ஃபோர்ஹேண்டும்

டென்னிஸ் ராக்கெட்டை நான் முதலில் தொட்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதுவரை என் கைக்குத் தெரிந்ததெல்லாம் பூப்பந்துதான். பள்ளிக்கூடத்து மண் தரை, மஞ்சள் கம்பளிப் பந்து. எடையே இல்லாத பந்து அது. மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் போதும், பறந்துவிடும். அந்தச் சுண்டுதல் என் கையில் ஊறிப்போயிருந்தது. டென்னிஸ் பந்தோ வேறு சாதி. அதைச் சுண்டினால், ‘சரி, போகிறேன்’ என்று சோம்பலாகக் கிளம்பி, நெட்டைத் தாண்டி, எதிரே நிற்பவரின் இடுப்புயரத்தில் போய்க் காத்திருக்கும். அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துகூட அடிக்கலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நகர்ப் பூங்காவை ஒட்டி ஒரு சிமெண்ட் கோர்ட் உண்டு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான்கு ஜோடிகள் சேர்வோம். அங்கே ஒரு வழக்கம். தொடர்ந்து மூன்று ஞாயிறு தோற்கிற ஜோடியைக் கலைத்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கி இன்னொரு ஜோடியோடு ஆள் மாற்றிப் போடுவார்கள். யார் கொண்டு வந்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மீறியவர் யாரும் இல்லை.

என் ஜோடி ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களுடனேயே நாள் முழுக்க இருப்பதாலோ என்னவோ, அவரும் அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையை நான் தீர்த்து வைப்பேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கேட்டது, நான் வேலை பார்க்கும் தோல் கம்பெனியில் கேட்டது, ரயிலில் காதில் விழுந்தது என்று வாரம் முழுக்கச் சேர்த்த சொலவடைகளை ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் அவரிடம் கொட்டுவேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிடித்துப்போனால், ‘ம், இன்னொரு தரம் சொல்லுங்க’ என்பார். இரண்டு வருஷமாக என் வாரமே அந்த ‘ம்’மை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஜோடிக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டு ஞாயிறு தோற்றுவிட்டோம். காரணம் எல்லாருக்கும் தெரியும். எதிராளிகள் கண்ணை மூடிக்கொண்டு என் வலப்பக்கத்துக்கு, ஃபோர்ஹேண்டுக்கே போட்டார்கள். அதிலும் ஒருவர் இந்தப் பகுதியின் பழைய நிலக்காரர். கோர்ட் இருக்கிற இடமே ஒரு காலத்தில் அவர்கள் வயல்.

“எங்க அப்பா நெல்லு வெதைச்ச எடத்துல நீங்க பந்து வெதைக்கிறீங்க சார்,” என்பார். “அதையும் நெட்டுலயே வெதைச்சா எப்பிடி மொளைக்கும்?”

நல்ல வாக்கியம். தோற்றுக்கொண்டிருக்கும்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு மழையில் கரைந்தது. அடுத்ததும் அப்படியே. எனக்கு இரண்டு வார வாய்தா. டாக்டரை விட்டுவிடக் கூடாது என்கிற ஒரே நினைப்போடு போனில் வீடியோக்கள் பார்த்தேன். உடம்பைத் திருப்பு, உடம்பைத் திருப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்கிருந்து திருப்புவது என்பதுதான் விளங்கவில்லை. கிடைத்த இடத்திலெல்லாம் வெறுங்கையை வீசிப் பார்த்தேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சாலை ஈரமாக மினுங்கும். மேகத்துக்குள்ளிருந்து விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பதுபோல இறங்கும். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, வராத பந்து ஒன்றை அடித்துக்கொண்டிருப்பேன்.

மூன்று நாள் தொடர்ந்து ஒரே ஷேர் ஆட்டோ என் முன்னால் வந்து நின்றது. முதல் இரண்டு நாளும் நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

“இன்னா சார், டெய்லி கைய காட்ற, ஏற மாட்டேங்கற?”

“கை காட்டலப்பா. டென்னிஸ் பழகறேன்.”

“அத்த ரோட்டு மேலயா பழகுவாங்க? பேஜாரா கீதே.” பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாவிடம் திரும்பினார். “பத்து வருசமா வண்டி ஓட்றேன்கா. கைய பாத்து நிறுத்தவே மாட்டேன், காலத்தான் பாப்பேன். ஏர்ற ஆளுக்கு மொதல்ல காலுதான் அசையும். இந்த சாராண்டதான் ஏமாந்துக்கினு கீறேன். கை மட்டும் வருது, காலு நட்டு வெச்ச கல்லாட்டம் நிக்குது.”

“காலு வராத கை எதுக்குடா ஒதவும்,” என்றார் அந்த அம்மா. “வண்டிய எடு, பூ வாடுது.”

வண்டி போய்விட்டது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். இரண்டு பாதமும் ஒட்டி வைத்தபடி அப்படியே இருந்தன. பூப்பந்தில் கால் பந்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். நான் இங்கேயும் காலை வெளியே நிறுத்திவிட்டுக் கையை மட்டும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் தெருவின் காலி மனைச் சுவர்தான் என் எதிராளி. வலது காலை ஊன்றித் தரையைத் தள்ளினேன். அது இடுப்பைத் திருப்பியது, இடுப்பு தோளை இழுத்தது. கை, கல்யாண வீட்டுக்குக் கடைசியாக வரும் சொந்தக்காரனைப் போல நிதானமாக வந்து சேர்ந்தது. நூறில் தொண்ணூறு தப்பு. மீதிப் பத்தில் சுவரிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. அடித்தது நான்தானா என்று திரும்பிப் பார்க்க வைக்கிற சத்தம். தோல் கம்பெனியில் தரம் பார்க்கையில்கூட மேஜைக்குக் கீழே என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஒரு விடியற்காலையில் மனைவி எழுப்பினாள்.

“தூக்கத்துல எதுக்கு என்னை ஒதைக்கிறீங்க?”

“ஒதைக்கல. ஊன்றினேன்.”

“நல்லா ஊன்றினீங்க போங்க,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஞாயிறு வந்தது. கோர்ட் ஓரங்களில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. கடைசி கேம்வரை இழுத்துக்கொண்டு போனோம். இன்னும் ஒரு பாயின்ட் விட்டால் ஜோடி போயிற்று என்கிற இடத்தில், நிலக்காரர் வழக்கம்போல என் ஃபோர்ஹேண்டுக்குப் போட்டார். பந்து மெதுவாக வந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கால் அசைந்தது, இடுப்பு திரும்பியது, கை பின்னால் வந்தது. அந்தச் சத்தம் கேட்டது. பந்து நிலக்காரரைத் தாண்டி, பின்கோட்டையும் ஒரு ஜாண் தாண்டி, கம்பி வேலியை அதிர வைத்தது.

யாரும் ‘அவுட்’ என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வேலி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

“அடி நல்ல அடிதான் சார்,” என்றார் நிலக்காரர். “கோர்ட்டுதான் பத்தல.”

சீட்டுக் குலுக்கினார்கள். டாக்டர் நிலக்காரரோடு. நான், அதுவரை நிலக்காரரோடு ஆடிய அவர் மைத்துனரோடு. அவர் நல்ல ஆட்டக்காரர், காதில் பாட்டு வைத்துக்கொண்டே ஆடுவார். அந்த வாரம் முழுக்கக் காதில் விழுந்த எதையும் நான் மனதில் குறித்துக்கொள்ளவில்லை. யாரிடம் சொல்ல?

அடுத்த ஞாயிறு டாக்டர் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்கே வேண்டுமானாலும் போடத் தெரிந்தவர், ஒவ்வொரு பந்தையும் என் ஃபோர்ஹேண்டுக்கே அனுப்பினார்.

“டாக்டர், அந்தப் பக்கம்தான் இப்ப அடிக்கிறாருல்ல, பேக்ஹேண்டுக்குப் போடுங்க,” என்று நிலக்காரர் பின்னாலிருந்து கத்தினார். டாக்டர் தலையாட்டிவிட்டு, மறுபடியும் அங்கேயே போட்டார். நான் திருப்பி அடித்ததில் சில பந்துகள் நெட்டில் விழுந்தன, ஒன்று வேலிக்குப் போனது. அப்புறம் ஒன்று தாழ்வாக, சீராகக் கிளம்பி, அவர் ராக்கெட்டுக்கு எட்டாமல் கோட்டுக்குள் விழுந்தது. அவர் திரும்பி நின்று, அது உருண்டு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் மாறும்போது நெட் கம்பத்தருகே ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

“இதைப் போன வாரம் அடிச்சிருக்கக் கூடாதா சார்?”

“போன வாரமும் இதைத்தான் அடிச்சேன் டாக்டர். ஒரு ஜாண் அதிகமாப் போயிடுச்சு.”

அவர் சிரித்தார். “சரி, இந்த வாரம் என்ன கேட்டீங்க? ஒண்ணும் சொல்லவே இல்லையே.”

“டாக்டர், எதிர்ப் பார்ட்டிகிட்ட இன்னா பேச்சு,” என்று நிலக்காரர் குரல் கொடுத்தார். டாக்டர் திரும்பவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.