கதவு நிலையில் இருந்த தகரக் குழல்

யுத்தத்துக்குப் போய் வந்தவன் என்றால் ஜனங்கள் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் துப்பாக்கி தூக்கினதே குறைவு. என் கையில் இருந்ததெல்லாம் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். திருமுல்லைவாயிலில் எங்களுடையது உழுது பிழைத்த குடும்பம். இரண்டு வருஷம் தொடர்ந்து ஏரி நிரம்பாமல் பயிர் கருகிப்போனதும், பட்டாளத்தில் மண்வேலைப் படைக்கு ஆள் எடுக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பெயர் கொடுத்தேன். நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்று எனக்குக் கையில் நாயக் பட்டை தைத்துக் கொடுத்து, பத்துப் பேருக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். அப்போது என் மனைவி நிறைமாதம். முதல் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகள் பிறந்த சேதி, நான் கப்பல் இறங்கி வெகுநாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

கடைசியில் எங்களைக் கொண்டுபோய் விட்ட ஊர் திரிப்போலி. ஆப்பிரிக்காவில், லிபியாவின் கடலோரத்து ஊர். இத்தாலிக்காரன் ஓடிப்போய், வெள்ளைக்காரன் உள்ளே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துறைமுகத்தை நோக்கிப் போட்ட குண்டுகளில் பாதி, பக்கத்திலிருந்த பழைய ஊரின் மேல் விழுந்திருந்தன. அதிலும் யூதர்கள் குடியிருந்த தெருக்கள் சின்னாபின்னம். போட்டது யார்? எங்கள் தரப்பு விமானம்தான். போட்டதும் நாங்கள்தான், வாரிக் கொட்டியதும் நாங்கள்தான். நல்ல பிழைப்பு!

ஒரு சந்தில் இடிபாடு அள்ளும்போது, ஒரு வீட்டின் வாசற்கால் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, கதவும் இல்லை. அந்த நிலையின் வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு தகரக் குழல் ஆணியடித்திருந்தது. உள்ளே ஏதோ சுருட்டி வைத்திருந்தது தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, எங்கள் படையில் இருந்த கரையான்சாவடிக்காரன் சிரித்தான்.

"இன்னா மச்சான் அப்டிப் பாக்குற? தாயத்துதான் இது. நம்மூர்ல இடுப்புல கட்டுவான், இவன் வாசக்கால்ல அட்ச்சிகீறான். எட்து வெச்சிக்கோ, உம் பொண்ணுக்கு ஆவும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தகரக் குழலுக்குள் எழுத்துச் சுருள் என்றால் நம் பக்கத்து ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? வீடே தரைமட்டமாகியும் இது நின்ற கால் மட்டும் சாயவில்லையே, எவ்வளவு பவர் இருக்கவேண்டும் என்று வேறு நினைத்தேன். கடப்பாரை நுனியால் நெம்பினேன். ஒரே நெம்பில் வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன்.

இது நடந்து பத்து நாள் கழித்து ஒரு தையல்காரன் பழக்கமானான். எங்கள் உடுப்புகளை அளவு குறைத்துத் தைப்பதற்கு முகாம் வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும், முப்பதுக்கு உள்ளே. யூதன். அவனுக்கு அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். இரண்டு அரையும் சேர்ந்து எப்படியோ ஒரு முழுசாகிவிட்டது. அவன் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன். சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டதில் ஆரம்பித்த பழக்கம், மாசம் ஒன்றாவதற்குள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர் சுற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஊரைக் காட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரோமராஜா காலத்து வளைவு ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் வாசல், முழுசும் சலவைக்கல். உப்புக்காற்று தின்று, செதுக்கின முகங்களில் மூக்கும் இல்லை, வாயும் இல்லை. "என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது இதற்குள்ளேதான் சினிமா காட்டினார்களாம்" என்றான். எங்கள் ஊர்க் கோயிலில் எருக்கந்தூண் இருக்கிறது, அதைத் தொட்டுக் கும்பிடுவோம் என்று நான் சொன்னேன். எருக்கு என்றால் அவனுக்குப் புரியவில்லை. ஆடுகூடத் தின்னாத செடி என்று விளக்கினேன். அதில் போய் எவனாவது தூண் செய்வானா என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அங்கிருந்து உள்ளே போனால் நாலு தெரு கூடுகிற ஒரு இடம். நாலு மூலை வீடுகளுக்கும் ரோமர் காலத்துத் தூணைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு தூணில் எவனோ கழுதையைக் கட்டியிருந்தான். அதைத் தாண்டினால் யூதர் தெருக்கள். வாசலுக்கு வாசல் நிலையின் வலப்பக்கத்தில் அதே மாதிரிக் குழல். போகிறவனும் வருகிறவனும் அதை விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டு போனான். நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். வாயைத் திறந்து இது என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். குண்டுக்குப் பயந்து குடும்பம் முழுவதும் கிராமத்துக்கு ஓடியிருந்ததாம். திரும்பி வந்து அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். "வீடு என்று ஒன்றும் இல்லை, வாசலைத்தான் காட்டமுடியும்" என்றான். சந்து திரும்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே வாசற்கால்.

அவன் நிலையின் வலப்பக்கம் கையை வைத்தான். அங்கே இரண்டு ஆணி ஓட்டையும், வெயில் படாத மரத்தின் வெளிறிய தடமும்தான் இருந்தன. அந்தத் தடத்தையே தொட்டு விரலை முத்தமிட்டான். பிறகு சொன்னான்.

"இதில் இருந்தது என் அண்ணன் எழுதியது. அவனுக்கு அதுதான் தொழில். ஆட்டுத்தோலில் வேதவாக்கியம் எழுதுவான். ஒரு எழுத்துப் பிசகினாலும் முழுத்தோலும் வீண், முதலிலிருந்து எழுதவேண்டும். இத்தாலிக்காரன் அவனை ரோடு போடும் வேலைக்குப் பாலைவனத்துக்குப் பிடித்துக்கொண்டு போனான். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. படம் எடுத்துக்கொண்டதில்லை. அவன் புத்தகங்கள் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அவன் கையால் எழுதினது என்று மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். நான் திரும்பி வந்த முதல் நாள் இது இங்கே இருந்தது. கழற்ற மனசு வரவில்லை, வீடு கட்டினால் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். மறுவாரம் வந்தால் இல்லை."

என் சட்டைப் பைக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

இந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை வந்து நின்றிருக்கிறேன், மனசுக்குள். பொத்தானைக் கழற்று, எடுத்து நீட்டு, "தெரியாமல் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல். மூன்று காரியம். ஒன்றையும் செய்யவில்லை. சொன்னால் திருடன் என்று நினைத்துவிடுவானே என்ற வெட்கம் ஒரு பக்கம். இடிபாட்டில் பொருள் எடுத்த இரண்டு பேரைப் போன வாரம்தான் சிறையில் போட்டிருந்தார்கள், அந்தப் பயம் ஒரு பக்கம். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. அந்தத் தாயத்து என் மகளுக்கு வேண்டும் என்று இருந்தது. ஒன்றைப் பறிகொடுத்தவன் இன்னொன்றைப் பறிகொடுக்கத் தயாராக இல்லை.

"உங்கள் படைதானே இந்தச் சந்தில் இடிபாடு அள்ளியது? ஆட்களைக் கேட்டுப் பாரேன்" என்றான்.

"கேட்கிறேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் அந்த ரோமர் வளைவுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். பட்டாளத்தான் எவனும் கல்லில் பெயர் கிறுக்கிவிடக்கூடாதாம். தையல்காரன் அதைப் பார்த்துவிட்டு, "ராஜா வாசலுக்குக் காவல் இருக்கிறது" என்றான். எனக்கு அந்தச் சிப்பாயின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மேல் வரவேண்டிய கோபத்தை அவன் தலையில் கட்டினேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நாளைக்குக் கொடுத்துவிடலாம், யாரோ ஒருவனிடம் இருந்து வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பொய் சொல்லியாவது கொடுத்திருக்கலாம், அதற்கும் கையாலாகவில்லை. திடீரென்று ஒருநாள் எங்கள் படைக்கு எகிப்துக்குப் போக உத்தரவு வந்தது. லாரி கிளம்பும்போது அவன் ஓடி வந்தான். கையில் ஒரு சின்னக் கவுன். பாராசூட் துணியில், கழுத்தைச் சுற்றி நூல்வேலை செய்து தைத்திருந்தான். "உன் மகளுக்கு எத்தனை வயசாகும்போது ஊருக்குப் போவாயோ தெரியாது, கொஞ்சம் பெரிசாகவே தைத்திருக்கிறேன்" என்றான். என் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அத்தை வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தான். லாரி நகர்ந்தது. பை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அட பாவி, எட்டிப் போட்டிருந்தால்கூடப் பிடித்திருப்பான்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது மகளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஓடி ஒளிந்தாள். கவுன் சரியாக இருந்தது. பெட்டியைக் கவிழ்த்த மனைவி குழலைக் கையில் எடுத்தாள்.

"இன்னாயா இது, தாயத்தா? எந்த சாமிது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மனைவிதானே, போலீஸா? ஒரு வார்த்தை, இது இன்னொருத்தன் பொருள், திருப்பி அனுப்பவேண்டும் என்று. ஆனால் ஊர் திரும்பின சிப்பாய் திருடன் என்று பேர் எடுக்க விரும்புவானா? "அந்த ஊர்ப் பெரிய கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தது" என்று அளந்துவிட்டேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கறுப்புக் கயிறு கோத்து மகளின் படுக்கைக்கு மேலே கட்டினாள். பார்சலில் அனுப்பிவிடலாம் என்ற யோசனை எனக்கு இல்லாமலில்லை. ஆவடி டிப்போவில் வேலை கிடைத்திருந்தது. தினமும் தபாலாபீசைக் கடந்துதான் போவேன், வருவேன். அவளிடம் என்ன சொல்லி அவிழ்ப்பது என்று தெரியாமலே மாசங்கள் போயின.

மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாளும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்று வேலை முடிந்து வந்தபோது மனைவி முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. பித்தளைச் செம்பின் அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர். பக்கத்தில் முறத்தில், ஒரு ஈரத்தோல் விரித்துக் கிடந்தது. வெறும் தோல்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பூந்தமல்லியில் ஓதிக் கொடுக்கிறவரிடம் தாயத்து வாங்கிக் கட்டுவோம். மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் உள்ளே இருக்கிற எழுத்தைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்போம். எனக்கே சின்ன வயதில் கொடுத்திருக்கிறார்கள். அவள் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. வெந்நீரில் ஊறவைத்து, விரலால் தேய்த்துத் தேய்த்து, ஒரு எழுத்து பாக்கியில்லாமல் கரைத்திருந்தாள்.

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன், கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அவள் மிரண்டுபோனாள். "கட்னது கேக்கலன்னா கரைச்சிக் குட்த்துடணும்னு உனக்குத் தெரியாதா? கொயந்தைக்குத்தானே குட்த்தேன்? இன்னாத்துக்குயா இப்டிக் கத்துற?"

மறுநாள் விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. மருந்தா, மழை ஓய்ந்ததா, வேறு என்னவா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். மகள் கஞ்சி கேட்டு அடம்பிடித்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காக வெட்கமும் பட்டேன்.

பொங்கல் கழிந்து அவன் கடிதம் வந்தது. யூதர்களுக்கு எதிராகக் கலகம் நடந்து ஊரில் இருக்கமுடியாமல் போய்விட்டதாம், கப்பல் ஏறப்போகிறார்களாம். "உன் மகளுக்குக் கவுன் சரியாக இருந்ததா?" என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே: "போவதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்கிறேன். உங்கள் ஆட்களில் யாரிடமாவது என் அண்ணன் எழுத்து இருக்கிறதா? எடுத்தவன் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாமல் எடுத்திருப்பான். புது வீட்டு வாசலில் அதைத்தான் வைக்கவேண்டும் என்று இருக்கிறேன்."

மன்னிப்பை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாலு காகிதம் கிழித்தேன். ஐந்தாவது காகிதத்தில், எல்லோரையும் விசாரித்தேன், கிடைக்கவில்லை என்று எழுதித் தபாலில் போட்டேன்.

இரண்டு மாசம் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்து முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. நாலே வரி. "நீ விசாரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நீயே இல்லை என்று சொல்லிவிட்டதால் இனித் தேடுவதை விட்டுவிடுகிறேன். உன் மகளை நான் கேட்டதாகச் சொல்."

அதில் திரும்ப எழுத விலாசம் இல்லை.