ஞானரட்ணத்தின் ஏழாவது வரி

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஞானரட்ணத்துக்குக் கதை எழுத வராது. அவரைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். பத்து வருடமாக எழுதினார். எழுதியதையெல்லாம் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். போன வேகத்தில் அவை திரும்பி வந்தன. வந்த காகிதங்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதினார்கள். அந்தக் கதைகளால் நாட்டுக்கு விளைந்த நன்மை அவ்வளவுதான்.

மனிதர் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். பாட்டன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தகப்பன் பாதிரிமாரிடம் நாலு எழுத்துப் படித்து உபதேசியார் ஆனவர். ஞானரட்ணமோ யாராவது ஊர் எது என்று கேட்டால் ஹட்டன் டவுன் என்பார். கோட்டுப் போடாமல் வெளியே தலைகாட்டமாட்டார். வாத்தியாரையா கோட்டோடுதான் குளிப்பார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டன. லயத்துச் சனத்தை அவர் வாய் ‘அதுகள்’ என்றுதான் சொல்லும். அதுகள் பெற்ற பிள்ளைகளால்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

ஐம்பத்தேழாம் வருடம் இலங்கை வானொலியில் ஞாயிறு மாலைகளில் இரண்டு நிமிடக் கதை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யாரும் எழுதி அனுப்பலாம், அறிவிப்பாளர் வாசிப்பார், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஞானரட்ணம் மூன்று நாள் உட்கார்ந்தார். அவருடைய கதாநாயகன் வீட்டை விட்டு வெளியே வருவதற்கே நாலு நிமிடம் ஆனது. நாலாம் நாள் வெறுத்துப்போய் மேசையில் கிடந்த பள்ளி வருகை இடாப்பைப் புரட்டினார். தினமும் இரண்டு வேளை அந்த இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுப் பழகிய மனிதர். கதை வராவிட்டால் என்ன, பட்டியல் வருமே என்று தோன்றியது. அன்று எழுதியது இது.

“ஹட்டன் ஸ்டேசனில் ஒரு கிழவனிடம் இருந்தவை. ஒரு குடை, கம்பி ஒடிந்தது. ஒரு துணிமூட்டை. ஒரு கம்பளி. ஒரு வெற்றிலைப் பை. கால் கட்டிய கோழி ஒன்று. தலைமன்னார் வரைக்கும் ஒரு டிக்கெட். திரும்பி வர ஒன்றும் இல்லை.”

வாசித்தார்கள். கேட்டவர்களுக்கு நெஞ்சை அடைத்தது. எங்கள் சனம் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது, அடைக்காமல் என்ன செய்யும்? ஞானரட்ணம் ஸ்டேசனில் தள்ளி நின்று பார்த்த அந்தக் கிழவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் நிஜமாகவே இந்தியாவுக்குத்தான் போனானா என்பதுகூடத் தெரியாது. கோழி என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை, அது அவர் சேர்த்தது. ஆனாலும் வானொலியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் பட்டியல்களில் உண்மை வாழ்வு இருக்கிறது, கற்பனை கலக்காமல் தொடர்ந்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். இவர் அந்தக் கடிதத்தைக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, தோட்டத்தில் வேறு எழுத்தாளன் இல்லாததால் இவரே எழுத்தாளர் ஆகிவிட்டார். தன் வித்தைக்கு ஒரு விதியும் வகுத்துக்கொண்டார். ஏழு வரி, ஆறு சும்மா கிடக்க வேண்டும், ஏழாவது குத்த வேண்டும். ஒரு வருடம் இப்படிக் குத்தினார். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்தவை, சாவு வீட்டு வாசலில் கிடந்த செருப்புகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினார். யாருக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்டால் வரி கூடிவிடும்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் நாகலெட்சுமி என்ற சிறுமியைச் சேர்க்க ஒருத்தி வந்தாள். பெரட்டில், அதாவது விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், அவள் பேர் சண்முகவடிவு. ஆனால் அவள் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால், பிள்ளை பிறந்தது கொத்மலையில், தாய் சண்முகவடிவு பிரசவத்திலேயே இறந்ததாக ஓரத்தில் குறிப்பும் இருந்தது. ஞானரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். அவள் மறைக்கவில்லை. தான் சண்முகவடிவின் தங்கை என்றாள். கொத்மலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தில் சேர்ந்த குடும்பம் அது. தோட்டத்தார் வெளியே தள்ளினார்கள், கணக்குத் தீர்த்து விடுவித்ததற்கான பற்றுச்சீட்டும் கொடுக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லாதவளை வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்த அக்காள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கேயே செத்துவிட, தங்கை கைக்குழந்தையோடு இங்கே வந்து அக்காள் பேருக்கு ‘வந்தேங்க’ என்றாள். கங்காணி சிவசாமிக்குத் தெரியும், லயத்துக்கும் தெரியும். ஆறு வருடமாக அப்படியே ஓடுகிறது. மலையகத்தில் இது புதிதுமல்ல. செத்தவர் பேரில் உயிரோடு இருப்பவர் கொழுந்து பறிப்பது எத்தனையோ தோட்டத்தில் நடந்ததுதான்.

“புள்ளைக்குக்கூடத் தெரியாதுங்க, என்னையத்தான் அம்மாங்குது,” என்றாள். “ஆபீசுக்குத் தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க. ஐயா படிச்சவங்க, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு.”

ஐயா தலையை ஆட்டினார். தாயின் பேர் என்ற இடத்தில் சான்றிதழில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். போனதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளை நினைத்தல்ல. ஏழாவது வரி கிடைத்துவிட்டது.

அந்த ஞாயிறே அனுப்பாமல் மூன்று மாதம் பொறுத்தார் என்பதைத்தான் பிற்காலத்தில் தன் பெருந்தன்மைக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டார். பிறகு பொறுக்கமுடியவில்லை.

“காலைப் பெரட்டில் கூப்பிட்ட பேர்களும் கேட்ட பதில்களும். நல்லமுத்து, வந்தேங்க. செல்லசாமி, இருமல். இராசம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல். அழகன், பதில் இல்லை. இராமையா, நேற்றும் பதில் இல்லை. சண்முகவடிவு, வந்தேங்க. சண்முகவடிவைக் கொத்மலையில் புதைத்து ஆறு வருடம்.”

பேரையாவது மாற்றியிருக்கலாம். மாற்றிப் பார்க்கவும் செய்தார். வேறு இரண்டு பேர்களைப் போட்டு வாய்விட்டு வாசித்தார். அந்தப் பேர்கள் சட்டென்று முடிந்துவிட்டன. சண்முகவடிவு என்பதில் அறிவிப்பாளரின் குரல் கொஞ்சம் தங்கும், அந்தத் தங்கலில் கேட்பவருக்குத் தொண்டை கட்டும். ஒருத்தியின் சோற்றைவிட அந்தத் தங்கல் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அட, சனியனே.

ஞாயிறு மாலை, அக்கரப்பத்தனை ஞானரட்ணம் எழுதியது என்ற முன்னுரையோடு வாசித்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கண்டாக்கு றோலண்ட் ஆள் அனுப்பினார். மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர். கெட்ட மனிதரில்லை. ஆபீஸ் வாசலில் நிறுத்தி, யாருக்கும் கேட்காமல் பேசினார். ஹட்டனிலிருந்து யாரோ தோட்டத்துத் துரையிடம் சொல்லியிருக்கிறார்கள், துரை வேலையாட்கள் பேர்ப்பதிவான செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், தோட்டத்தில் சண்முகவடிவு என்று ஒரே ஒருத்திதான் இருக்கிறாள் என்றார். பிறகு ஞானரட்ணத்தின் தோளில் கை வைத்தார்.

“மாஸ்டர், அது சும்மா கற்பனைதானே? கற்பனைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் தொரைகிட்டப் பேசிக்கிறேன். ஒருத்தி பொழப்புங்க.”

இதைவிட லேசாக ஒரு வழி எந்த மனிதனுக்கும் திறந்திருக்காது. ஆம் என்றால் போதும், தலையை ஆட்டினாலே போதும். ஆனால் கோட்டுப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. கற்பனை கலக்காமல் என்ற வரி நெஞ்சில் உரசியது. தவிர, றோலண்ட் ‘சும்மா’ என்று சொல்லிவிட்டார். தன் எழுத்தைச் சும்மா என்று ஒரு கண்டாக்கு சொல்வதா?

“நான் எழுதுறதுல ஒரு வரி பொய் கெடையாதுங்க,” என்றார் ஞானரட்ணம். கோழியை மறந்துவிட்டார்.

றோலண்ட் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயைத் திறந்ததில் கெட்டது வேறொருத்தி. செவ்வாய்க்கிழமைப் பெரட்டில் சண்முகவடிவு என்று யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவள் வந்தாள். ஞானரட்ணம் திட்டு வாங்கத் தயாராக நின்றார். கலைஞனை உலகம் இப்படித்தான் நடத்தும் என்று ஒரு பதிலும் யோசித்து வைத்திருந்தார். அவள் திட்டவில்லை. பிள்ளையின் பேரை இடாப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். சும்மா நிற்க முடியாமல் அவர், என்னம்மா ஆயிற்று என்று கேட்டார், தெரியாதவரைப் போல.

அவள் அவசரமில்லாமல் சொன்னாள். “பெரட்டுல பேரு இல்லிங்க. பேரு இல்லாட்டி அரிசி இல்ல. லயத்துக் காம்பராவ சனிக்கெழமைக்குள்ள விடணும். கங்காணி மொகத்துல முழிக்க முடியல. பிரஜாவுரிம மனுவும் அக்கா பேருலதான் போட்டிருந்துச்சு, இனிமே அதுவும் பொய்யி. போற எடம் தெரியல.” பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். “புள்ள நேத்துலருந்து சின்னம்மாங்குது.”

ஞானரட்ணத்தின் விரல்கள் அவரறியாமல் மடங்கின. ஏழு. சொல்லிக்கொடுத்ததுபோல ஏழு, அதிலும் ஏழாவது எத்தனை துல்லியம். அவர் கை கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது.

“அந்த மனு பத்திச் சொன்னியே, அத இன்னொருக்கா சொல்லும்மா,” என்றார்.

அவள் பேனாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம்கூட இல்லை. பறித்த கொழுந்தில் கிடக்கும், பொறுக்கி எறியவேண்டிய முற்றிய இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“எழுதிக்கிடுங்கய்யா. ஆனா இந்தத் தடவ செத்துப்போன எங்கக்காவ இழுக்காதீங்க. எம்பேரப் போட்டு எழுதுங்க.”

அவர் சரி என்று பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். அவள் பேர் சண்முகவடிவு இல்லை என்பதை நாடு முழுவதும் கேட்கச் சொன்னவருக்கு, அவள் பேர் என்ன என்பது தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் சொல்லவும் இல்லை. தன் பேரை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

லயத்தில் யாரைக் கேட்டாலும் ராக்காயி என்று சொல்லியிருப்பார்கள். ஞானரட்ணம் கேட்கப் போகவில்லை. அடுத்த மாதம் அந்த ஏழு வரியும் வானொலியில் வந்தன. பேர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒரு பெண்’ என்று எழுதியிருந்தார்.