பாண்டிசெல்வியின் இடது தோள்

பாண்டிசெல்வி நாற்பது வயதுக்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். கணவர் ஜெபக்குமார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்குவதில்லை என்று அவள் சண்டை பிடித்தபோது, "அப்போ நீயும் வா" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். சண்டையை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார். அடுத்த மாதமே அவள் உறுப்பினராகிவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அவள் நொட்டாங்கைக்காரி. எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும் வலக்கை. அதுவும் அம்மா அதட்டிப் பழக்கியது. கத்தரிக்கோல் பிடிப்பது, பூட்டுத் திறப்பது எல்லாம் இடக்கைதான். துப்பாக்கியையும் இடது தோளில்தான் வைத்தாள்.

கிளப்பில் எல்லோரும் சுட்டது போல்ட் துப்பாக்கியில். படுத்தபடி, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் காகித இலக்கைச் சுட வேண்டும். தோட்டா பென்சில் தடிமன்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டா போட்டு, முன்னால் தள்ளி மூட வேண்டும். மற்றவர்களுக்கு அது இயல்பாக வந்தது. பாண்டிசெல்வியோ துப்பாக்கியைத் தாங்கும் வலக்கையை எடுக்க முடியாமல், இடக்கையை மேலே சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனாள். கன்னம் விலகும். தோள் நழுவும். ஒரு குண்டு மேலே போனால் அடுத்தது ஓரத்தில் விழும்.

"வலது தோளுக்கு மாறிக்கோ செல்வி. பழகினா வந்துரும்" என்றார் ஜெபக்குமார்.

மழைக்காலம் முழுக்கப் பழகிப் பார்த்தாள். வரவில்லை. "தோளை மாத்திட்டேன். குறி பாக்குறது இடது கண்ணுல்லா? அதை எங்கிட்டுப் போயி மாத்த?" என்றாள்.

ஆயுத அறையைச் சுத்தம் செய்த ஒரு நாளில்தான் மார்ட்டினி என்கிற பழைய ரகத் துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டது. அதில் போல்ட் கிடையாது. விசைக்குப் பின்னால், அடியில் ஒரு லீவர். கீழே இழுத்தால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டை தாழ்ந்து வழி விடும். தோட்டாவை விரலால் உள்ளே தள்ளி, லீவரை மேலே ஏற்றினால் மூடிக்கொள்ளும். லீவர் நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். பாண்டிசெல்வி படுத்து, இடக்கையால் இழுத்து ஏற்றிப் பார்த்தாள். கன்னம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது எனக்குங்க" என்றாள்.

ஜெபக்குமாருக்கு மனசு ஒப்பவில்லை. "ஏட்டி, இதுக்கு மரக்கட்டை ரெண்டு துண்டு. முன்கட்டை தனி, தோள்கட்டை தனி. வெயிலுக்கும் ஈரத்துக்கும் குறி நகரும். போல்ட்டுக்கு ஒரே கட்டை, அசையாது. சுட்டு முடிச்ச காலி ரவைக் கூடும் இதுல சிக்கும்."

"சுட்டுப் பாத்துருவோமே."

இரண்டையும் மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே பெட்டித் தோட்டாவால் ஜெபக்குமாரே சுட்டார். போல்ட் துப்பாக்கியின் துளைகள் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. மார்ட்டினியின் துளைகளை மூட ஒரு பாட்டில் மூடி வேண்டியிருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

"மூட்டைக்குக் கையி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் படுத்தாள். தன் தோளில் வைத்து இரண்டிலும் சுட்டாள். போல்ட்டில் சுட்டது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. மார்ட்டினியில் சுட்டது ஏறக்குறைய அந்தப் பாட்டில் மூடி அளவிலேயே நின்றது.

ஜெபக்குமார் இலக்குத் தாள்களை அடுத்தடுத்து விரித்து வெகுநேரம் பார்த்தார். "நான் துப்பாக்கியைத்தான் பாத்திருக்கேன். ஆளைப் பாக்கலை" என்றார். தேய்ந்த உறுப்பொன்றை மாற்றி, காலி ரவை சிக்காதபடி அவரே லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் சரிசெய்து வாங்கி வந்தார்.

அந்த மார்ட்டினியோடு அவள் மாநிலப் போட்டி வரை போனாள். பரிசு வரவில்லை, ஆனால் கிளப்பிலிருந்து வந்தவர்களில் அவள்தான் முதல். பாயை விட்டு எழுந்தபோது அவளுக்கு முழங்கை சிவந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஜெபக்குமார் ஓடிவந்து பாயைச் சுருட்டினார்.

மறுவருடம் கிளப்புக்கு ஒரு புதுத் துப்பாக்கி வாங்கக் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் வழக்கமான போல்ட் என்றே முடிவு செய்திருந்தார்கள். ஜெபக்குமார் எழுந்தார். செயலாளர் ராஜரத்தினத்தைப் பார்த்து, "போல்ட்டே வாங்குவோம் அண்ணாச்சி. கைப்பிடி இடப்பக்கம் இருக்கிற மாதிரி வாங்குவோம்" என்றார்.

"ஒரு ஆளுக்காகவா?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

 பின்வரிசையிலிருந்து ஒரு டாக்டர், தானும் நொட்டாங்கைதான், வெட்கப்பட்டு வலது தோளில் சுட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ராஜரத்தினம் சிரித்துக்கொண்டே தன் இடக்கையையும் மெல்லத் தூக்கினார்.

புதுத் துப்பாக்கி வந்தது. பாண்டிசெல்வி சுட்ட முதல் நாளே துளைகள் நெருங்கி விழுந்தன. மார்ட்டினியைத் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்தாள்.

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டார் ஜெபக்குமார்.

"எதுக்கு வருத்தம்? அது நல்ல துப்பாக்கிதான். இது அதைவிட நல்லாருக்கு. அம்புட்டுத்தான்."

வருத்தம் அவருக்குத்தான் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் மார்ட்டினியை அவரே எடுத்துக்கொண்டு படுத்தார். லீவரை இழுக்கும்போதும் ஏற்றும்போதும் வருகிற அந்தச் சின்னச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. புள்ளிகள் குறைந்தன. அவர் கவலைப்படவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிறு காலைகளில் அவருக்கு வலப்பக்கத்துப் பாயில் அவள் படுத்துக்கொள்கிறாள். அவர் வலது தோள், இவள் இடது தோள் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தவாறு அமைகிறது. தோட்டாவை எடுக்கத் தலை நிமிர்த்தினால் எதிரே மற்றவர் முகம்.

"என்ன பாக்கிய? இலக்கைப் பாருங்க" என்கிறாள் பாண்டிசெல்வி.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறார் ஜெபக்குமார்.