என் டைரி விட்டுவிட்ட கற்குவை

ஜேசிபி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு. சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் ஃபீல்ட் கண்டக்டர். தேயிலைக் காட்டு வேலையை மேற்பார்ப்பவன். அன்று ஏழாம் நம்பர் காட்டில் மறுநடவு. மேட்டு உச்சியில் ஆளுயரக் கற்குவியல், அதை அகற்ற வேண்டும்.

ஓரத்தில் ஒரு பக்கெட் அள்ளியதும் உள்ளே செங்குத்தாக நட்ட பலகைக்கல் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மறையூரில் முனியறை என்னும் பழங்காலக் கல்லறைகளைப் பார்த்திருக்கிறேன். அவை பற்றிப் படித்தும் இருக்கிறேன். பெருங்கற்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்து, மேலே கல் குவிப்பார்கள்; அதற்குக் கற்குவை என்று பெயர். இது அதுவானால், தொல்லியல் துறைக்குச் சொல்லாமல் தொடக் கூடாது.

போனில் சொன்னதும் மேனேஜர் ஜீப்பில் வந்தார். கையில் என் பழைய டைரி. ஒவ்வொரு நாள் வேலையையும் தேதி போட்டு எழுதுவது என் வழக்கம். எல்லா டைரிகளும் ஆபீஸ் அலமாரியில் இருந்தன.

"உங்க எழுத்துதானே? வாசிங்க."

வாசித்தேன். 'ஏழாம் நம்பர். கல் பொறுக்கி மேட்டில் குவித்தோம். ஆள் இருபத்திரண்டு.'

"நம்ம ஆளுங்க குவிச்சது எப்படிய்யா பழங்காலம் ஆகும்? காடு திருத்தின கல்லுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தியானத்துக்குள்ள இடம் காலியாகணும்."

பேனாவைத் திறந்துவிட்டேன். நான் எழுதியதை நானே எப்படி மறுப்பது?

டைரியில் எழுதிய அந்த நாளில் கல் சுமந்தவர்களில் பேச்சியம்மாளும் ஒருவர். கொழுந்துக் கூடையோடு பக்கத்தில் நின்றார்.

"ஏன் கண்டக்டரய்யா, பொறுக்குன கல்லை எவளாச்சும் மேட்டுக்குத் தூக்குவாளா? ஓடைப் பக்கம் உருட்டிவிட்டா சோலி முடிஞ்சிரும். 'அங்கன ஏற்கெனவே கல்லுதான் குமிஞ்சு கெடக்கு, செடி வைக்க முடியாது, அதுமேலயே போடுங்க'ன்னு எங்க இடுப்ப ஒடிச்சது நீங்கதான? அதை மட்டும் எழுதலியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரைத் தவிர. நான் பேனாவை மூடினேன்.

"சார், நாங்க போட்டது மேல கிடக்கு. அடியில உள்ளது எங்களுக்கு முந்தினது. கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் குவியலைச் சுற்றி வந்தார். பலகைக்கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"பேச்சியம்மா, இதத் தூக்க எத்தனை ஆளு வேணும்?"

"இருவத்திரெண்டும் பத்தாது, தொரை."

 மேனேஜர் ஜேசிபியை அனுப்பிவிட்டுத் தொல்லியல் துறைக்கு அவரே போன் செய்தார்.

மூன்றாம் நாள் வந்த அதிகாரி, இது கற்குவைதான் என்றார். சுற்றிக் கயிறு கட்டி, ஆய்வு முடியும்வரை ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். புறப்படும்போது என்னிடம் கேட்டார்: "உங்க கல்லு எதுவரைக்கும்?"

டைரியைப் புரட்டினேன்; அந்த வரி அதில் இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செய்த வேலையை எழுதுங்கள். அதற்கு முந்தைய வரியில், வேலை தொடங்குமுன் அங்கே என்ன இருந்தது என்று எழுதுங்கள்.